வேகம் என்ற சொல்லுக்குள் மறைந்துபோன சுணக்கம்: ஹைதராபாத்தின் இணைய விளையாட்டை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

இணையவழி விளையாட்டு நடுவில் தடுமாறும்போது ஹைதராபாத்தில் குறைந்தது மூன்று மொழிகளில் முறையீடு எழுகிறது. தக்கினி பேசுபவர் ‘லேக் ஹோரா’ என்கிறார். தெலுங்கில் ‘லேக் அவுதோந்தி’. இங்கு படிக்கவும் பணிபுரியவும் வந்த தமிழர்கள் ‘லேக் அடிக்குது’ என்கிறார்கள். மூன்றிலும் பெயர்ச்சொல் ஒன்றே; உடன்வரும் வினைதான் மாறுகிறது. தக்கினியும் தெலுங்கும் அதனை ‘ஆகிக்கொண்டிருக்கும்’ ஒரு நிகழ்வாகக் காண்கின்றன. தமிழோ வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்னும் தொடர்களின் வரிசையில் லேக்கையும் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. எங்கிருந்தோ வந்து நம்மேல் படுவது. செய்பவர் என்று யாரையும் சுட்ட முடியாதது. வானிலையைப் பற்றிப் பேசும் இலக்கணம் அது.

மொழியியல் மாணவர்களுக்கு இது சுவையான தரவு. எனினும் இப்பதிவில் நான் எழுத விரும்புவது, அந்த ‘எங்கிருந்தோ’ என்பதை ‘எங்கே’ என்ற கேள்வியாக மாற்ற மனிதர்கள் நாற்பது ஆண்டுகளாகச் செய்துவரும் முயற்சியைப் பற்றி. அவ்வரலாறு நெடுகிலும் ஒரு மொழிபெயர்ப்புப் பிழை தொடர்ந்து வருகிறது. விளையாடுபவர் ‘தாமதம்’ என்று முறையிடுகிறார். அதனைக் கேட்கும் நிறுவனமும் அரசும் ‘வேகம்’ என்று எழுதிக்கொள்கின்றன. வீட்டுக்கு வரும் தொழில்நுட்பப் பணியாளர் கைப்பேசியில் வேகத்தை அளந்து, ‘100 எம்.பி. வருகிறதே’ என்று காட்டிவிட்டுப் போகிறார். இருவர் சொல்வதும் உண்மை. அளக்கப்பட்ட பொருள்தான் வேறு.

தமிழின் ‘வேகம்’ இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. நெல்லூரிலிருந்து ஹைதராபாத்துக்கு ஒரு லாரி நிறைய அரிசி வந்தால் ஒரே நாளில் பல டன் வந்து சேர்கிறது. ஆனால் ‘அரிசி நல்லதா?’ என்று ஒரு வரி கேட்டு, பதில் பெற அந்த லாரியை அனுப்பிக் காத்திருந்தால் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும். முதலாவது கொள்ளளவு, நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது அதன் கணக்கு. இரண்டாவது போய்வரும் நேரம்; மில்லிநொடியில் கணக்கிடப்படுவது. இதனைச் ‘சுணக்கம்’ என்று அழைக்கிறேன். திரைப்படம் பார்ப்பவருக்கு முதலாவது போதும். துப்பாக்கிச் சூட்டு விளையாட்டு ஆடுபவர் அனுப்புவதும் பெறுவதும் மிகச் சிறிய பொதிகள். 1990களின் தொலைபேசி மோடத்திலேயே அவை அடங்கின. அவருக்கு வேண்டியது, ஒவ்வொரு பொதியும் விரைவாகவும் ஒரே சீரான இடைவெளியிலும் போய்த் திரும்புவது. அந்தச் சீர் குலைவதை ஜிட்டர் என்கிறோம். நடைமுறையில் நிலையான 80 மில்லிநொடிச் சுணக்கத்துக்குக் கை பழகிவிடும். 30க்கும் 150க்கும் இடையே தாவிக்கொண்டிருந்தால் பழக வழியில்லை.

இதனை அளக்கும் முதற்கருவி விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ராணுவத்தின் எறிபொருள் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மியூஸ், 1983 டிசம்பரில் தம் பிணையத்தில் தென்பட்ட விசித்திரமான கோளாறு ஒன்றைத் தேடும்பொருட்டுச் சிறு நிரல் ஒன்றை எழுதினார். ஒரு பொதியை அனுப்பி, எதிர்முனையிலுள்ள கணினி அதனை அப்படியே திருப்பியனுப்பும் வரை ஆகும் நேரத்தை அது குறித்துக்கொண்டது. எதிரொலி கேட்பதற்கான விதி ஜான் போஸ்டல் 1981இல் வெளியிட்ட ஐ.சி.எம்.பி. நெறிமுறையிலேயே இருந்தது. நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் எழுப்பும் ஒலியைக் கருதி மியூஸ் தம் நிரலுக்குப் ‘பிங்’ என்று பெயரிட்டார். நீண்டதோர் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே பிங் என்று பாடப்புத்தகங்கள் சில சொல்வதுண்டு. அது பெயருக்குப் பின்னர் பொருத்தப்பட்ட விளக்கம். மியூஸ் கருதியது ஒலிக்குறிப்பைத்தான்.

மியூஸின் குறிப்புகளில் வரும் ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கோ ஒரு கேபிள் இணைப்பு தளர்ந்திருந்த அலுவலகத்தில் ஒருவர், பிங் நிரலின் ஒவ்வொரு பதிலையும் ‘பிங்’ என்ற குரலாக மாற்றி ஒலிபெருக்கியில் சத்தமாக ஓடவிட்டார். பிறகு கட்டடம் முழுவதும் நடந்து ஒவ்வோர் இணைப்பையும் அசைத்துப் பார்த்தார். எதை அசைத்தபோது குரல் நின்றதோ அதுவே பழுது. நோய்நாடி நோய்முதல் நாடுவதற்கு இதைவிட எளிய செயல்முறை விளக்கம் கிடைப்பது அரிது.

கருவியின் பெயராக இருந்த பிங், அளவின் பெயராக மாறியது விளையாட்டுக்காரர்களால்தான். 1996 ஜூனில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக் விளையாட்டு, உள்ளகப் பிணையத்தில் சிறப்பாக ஓடியது. தொலைபேசி மோடத்தில் நொண்டியது. விசையை அழுத்திய பின்னர் சர்வரின் ஒப்புதல் வரும்வரை பாத்திரம் அசையாது. அவ்வாண்டு டிசம்பரில் ஜான் கார்மாக் குவேக்வேர்ல்ட் என்ற மறுவடிவத்தை வெளியிட்டார். சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஆடுபவரின் கணினியே நகர்வை முன்கூட்டி ஊகித்துக் காட்டியது. அதன் மதிப்பெண் பலகையில் ஒவ்வொரு பெயருக்கு அருகிலும் பிங் என்றொரு பத்தியும் பொதியிழப்புக்கு மற்றொரு பத்தியும் இருந்தன. அன்று முதல் ‘பிங் செய்’ என்ற வினை ‘உன் பிங் எவ்வளவு?’ என்ற பெயராயிற்று. பல்கலைக்கழகத்தின் விரைவு இணைப்பில் அமர்ந்து ஆடுபவர்களைக் குறிக்க வசைச்சொல்லே பிறந்தது. தோற்றவர் தம் திறமையைக் காட்டிலும் தம் தொலைபேசிக் கம்பியைக் குறைசொல்ல ஓர் எண் கிடைத்துவிட்டது.

அதே 1996இல் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டூவர்ட் செஷையர் எழுதிய சிறு கட்டுரையைக் கணினி வரலாறு படிக்கும் மாணவர்கள் தவறவிடக் கூடாது. போலோ என்ற பிணைய விளையாட்டை உருவாக்கியவர் அவர். அவருடைய வாதம் எளியது: கொள்ளளவு போதவில்லையென்றால் இன்னும் இரண்டு இணைப்பு வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம், சுணக்கத்தை விலை கொடுத்துக் குறைக்க வழியில்லை. ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாஸ்டன் 4,320 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி போய்வர ஏறத்தாழ 43 மில்லிநொடி ஆக வேண்டும். நடைமுறையில் 85 ஆனது. அதாவது கண்டத்தைக் கடக்கும் இணையம் இயற்கையின் எல்லையை இருமடங்குக்குள் நெருங்கிவிட்டது. மேசைமேல் இருந்த மோடம் மட்டுமே 100 மில்லிநொடியை விழுங்கிக்கொண்டிருந்தது. பழுது தொலைவில் இருக்கும் என்ற பொதுப்புத்தியை அக்கணக்கு தலைகீழாக்கியது. வேகத்தையும் சுணக்கத்தையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஒரு விளையாட்டை எழுதியவர் என்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இனி நம் நகரம். 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களே அதில் இருந்தன, ஹைதராபாத் இல்லை. ஹைடெக் சிட்டியின் முதற்கட்டடம் திறக்கப்பட்ட 1998 நவம்பரிலும் நாட்டின் வெளித்தொடர்பில் செயற்கைக்கோளுக்குப் பங்கு இருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. கேள்வி ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்கினால் நான்கு பயணம். ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட 480 மில்லிநொடி. அந்தச் சுணக்கத்தில் மின்னஞ்சல் அனுப்பலாம், கோப்பு இறக்கலாம், மென்பொருள் ஏற்றுமதித் தொழிலே நடத்தலாம். எதிராளியைச் சுட முடியாது. அக்காலத்தில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்கள் கணினி மையங்களின் உள்ளகப் பிணையத்தில் ஆடியதற்குக் கூடிவிளையாடும் இன்பம் மட்டும் காரணமன்று. ஓர் அறைக்குள் பிங் ஒரு மில்லிநொடியைத் தாண்டுவதில்லை. லேக் என்ற சாக்கும் அங்கே செல்லுபடியாகாது.

மொழிபெயர்ப்புப் பிழை அரசிதழ் வரை ஏறிய இடத்துக்கு இப்போது வருவோம். 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, எப்போதும் இயங்கும், ஊடாடும் சேவைகளுக்கு ஏற்ற, குறைந்தது 256 கே.பி.பி.எஸ். பதிவிறக்க வேகமுள்ள இணைப்பே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. ‘ஊடாடும் சேவைகள்’ என்ற தொடர் வரையறையிலேயே இருக்கிறது. ஆனால் எண் கிடைத்தது வேகத்துக்கு மட்டும். பின்னாளில் 512 கே.பி.பி.எஸ்., 2023இல் 2 எம்.பி.பி.எஸ். என அவ்வெண் உயர்ந்தது. சுணக்கத்துக்கு வரையறையில் இடம் கிடைக்கவில்லை.

அதற்கு எண் தந்தது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2006இல் வெளியிட்ட சேவைத்தர விதிகளில். உள்நாட்டு நுழைவாயில் வரை 120 மில்லிநொடிக்குள். தரைவழியாக வெளிநாட்டின் அருகிலுள்ள பிணைய முனை வரை 350க்குள். செயற்கைக்கோள் வழியெனில் 800க்குள். பொதியிழப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழ். அந்த நாளில் இவை பொறுப்பான இலக்குகளே. ஆனால் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவதாக, நாட்டுக்குள்ளேயே 119 மில்லிநொடி ஆகும் இணைப்பு அவ்விதிகளின்படி நலமானதாகவே இருந்தது; அதனை வைத்து ஆடியவர் நோயாளியாகவே இருந்தாலும் முறையிட இடமிருக்கவில்லை. இரண்டாவது இன்னும் முக்கியமானது. அளவீடு தொடங்கிய இடம் வாடிக்கையாளரின் வீடு அன்று. நிறுவனத்தின் சொந்த முனை. வீட்டுக்கும் அம்முனைக்கும் இடைப்பட்ட கம்பி சுணக்கக் கணக்கிலேயே வரவில்லை.

வராத அந்தப் பகுதியில்தான் அன்றைய சுணக்கத்தில் ஒரு கணிசமான பங்கு இருந்தது. 2005இல் பி.எஸ்.என்.எல். தொடங்கிய பிராட்பேண்ட், பழைய தொலைபேசிச் செப்புக் கம்பியில் ஏ.டி.எஸ்.எல். முறையில் ஓடியது. மழையும் இரைச்சலும் கம்பியில் பிழைகளை உண்டாக்கும். பிழை ஒரே இடத்தில் குவிந்தால் திருத்த இயலாது என்பதால், தரவைக் கலைத்துக் கலந்து, காலத்தில் பரப்பி அனுப்புவர். கலைத்ததை மறுமுனையில் அடுக்கி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அங்கே சில மில்லிநொடி முதல் சில பத்து மில்லிநொடி வரை போய்விடும். கலைக்காமல் அனுப்பினால் சுணக்கம் குறையும். கம்பி மோசமாக இருந்தால் பொதிகள் தொலையும். கோப்பு இறக்குபவருக்கு முதலாவதும் விளையாடுபவருக்கு இரண்டாவதும் ஏற்றவை. இந்தத் தெரிவு தொலைபேசி நிலையத்தின் அமைப்பில் இருந்தது. அதனைக் கேட்டுப் பெறச் சொல் வேண்டும். ‘நெட் ஸ்லோவாக இருக்கிறது’ என்ற சொல்லுக்கு அந்தக் கதவு திறக்காது.

கம்பியைத் தாண்டினால் நிலவியல். ஹைதராபாத்துக்குக் கடல் இல்லை. அதன் கடலடிக் கேபிள்கள் சென்னையிலும் மும்பையிலும் கரையேறுகின்றன. இந்தியாவில் சர்வர் இல்லாத விளையாட்டுகளுக்குச் சிங்கப்பூரே அண்டைவீடு. 2002இல் பார்தியும் சிங்டெல்லும் அமைத்த சென்னை–சிங்கப்பூர் கேபிள் ஏறத்தாழ 3,200 கி.மீ. நீளமுடையது. ஹைதராபாத்–சென்னைச் சாலைத் தொலைவு சுமார் 630 கி.மீ. இழையில் ஒளி மில்லிநொடிக்கு 200 கி.மீ. செல்லும் எனக் கொண்டால், போய்வர 38 மில்லிநொடி; அதற்குக் கீழே எந்த நிறுவனமும் இறங்க முடியாது. அதே பொதியை முதலில் மும்பைக்கு இழுத்து, அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுவந்து கடலில் இறக்கினால் 52 ஆகும். இந்த 14 மில்லிநொடி இயற்கை விதித்ததன்று. நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2003இல் நிக்சி என்ற தேசிய இணையப் பரிமாற்றகம் அமைக்கப்பட்டதன் காரணமும் இதுவே. அதுவரை இரண்டு இந்திய நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் ஒரே தெருவில் இருந்தாலும் அவர்களின் பொதிகள் வெளிநாடு போய்ச் சந்தித்துத் திரும்பும் நிலை இருந்தது.

பொதி எவ்வழியே போகிறது என்று காண உதவுவது டிரேஸ்ரூட். 1980களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் எழுதியது. ஒவ்வொரு பொதியிலும் இத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்றோர் எண் உண்டு. எண் தீர்ந்தால் அப்போதைய ரவுட்டர் பொதியைக் கைவிட்டு, அனுப்பியவருக்குச் செய்தி சொல்லும். எண்ணை ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டிக்கொண்டே போனால் வழியிலுள்ள ரவுட்டர்கள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும். அழகான தந்திரம். ஆனால் இதன் வெளியீட்டை வாசிப்பதில் விளையாட்டுக்காரர்கள் அடிக்கடி இடறுகிறார்கள். இடையில் ஒரு ரவுட்டர் 200 மில்லிநொடி காட்டினால் உடனே அதன்மேல் பழி விழுகிறது. இத்தகைய செய்திகளுக்குப் பதில் சொல்வது ரவுட்டருக்குக் கடைசி வேலை. பொதிகளைக் கடத்துவதே முதல் வேலை. அதற்கு அடுத்துள்ள ரவுட்டர்கள் 40 என்று காட்டினால் நடுவிலிருந்த 200க்குப் பொருளில்லை. உயர்வு அந்த இடத்தில் தொடங்கி இறுதிவரை நீடித்தால் மட்டுமே அது சான்றாகும். அப்போதும் அது திரும்பும் வழியின் கோளாறாக இருக்கக்கூடும். டிரேஸ்ரூட்டுக்குப் போகும் வழி மட்டுமே தெரியும். ஓலைச்சுவடியின் ஒரு பிரதியை வைத்துப் பாடம் தீர்மானிப்பவர்களை நினைவூட்டும் பழக்கம் இது.

கடலுக்கடியிலும் விபத்துகள் உண்டு. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் மேற்குவழி இணைப்பு பெரிதும் முடங்கியது. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அறிவிப்பின் சாரம், போக்குவரத்து நிற்கவில்லை, சுணக்கம் கூடியுள்ளது என்பது. விளையாட்டுக்காரரின் சொல் நிறுவன அறிக்கைக்குள் நுழைந்துவிட்டதை அதில் காண்கிறேன்.

மென்பொருளும் நோய்க்குறிகளை இடம் மாற்றியது. கவுண்டர் ஸ்ட்ரைக்கை வெளியிட்ட வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001இல் விவரித்த முறைப்படி, சுட்டவரின் சுணக்கத்தைச் சர்வர் கணக்கிட்டு, காலத்தை அவ்வளவு பின்னுக்கு ஓட்டி, அவர் திரையில் அப்போது எதிராளி எங்கிருந்தார் எனப் பார்த்துத் தீர்ப்பளிக்கும். சுட்டவருக்கு நியாயம் கிடைக்கிறது. சுவருக்குப் பின்னால் பாதுகாப்பாக மறைந்துவிட்டதாக எண்ணிய மற்றவர், தம் இணைப்பில் ஒரு குறையும் இல்லாமலேயே, இறந்து கிடக்கிறார். நோய் ஒருவரிடம், வலி வேறொருவரிடம். இதற்குப் பின்னர் ‘எனக்கு லேக் அடிக்குது’ என்ற கூற்றை வைத்து மட்டும் யார் வீட்டைச் சோதிப்பது என்று முடிவு செய்ய இயலாது.

இவ்வரலாற்றின் கடைசி அத்தியாயம் நம் வீட்டு ரவுட்டருக்குள் நடக்கிறது. ஹைதராபாத் வேகத்தில் முன்னோடி நகரம். பீம் டெலிகாம் இங்கே இழை வழியான இணைப்பைப் பரப்பியது. அதனைக் கையகப்படுத்திய ஆக்ட், 2017இல் நொடிக்கு ஒரு கிகாபிட் திட்டத்தை இந்நகரில் அறிமுகம் செய்தது. 2020இல் வெளியான வேலரன்ட் அவ்வாண்டிலேயே மும்பையில் சர்வர் பெற்றது. அங்கே போய்வர ஒளிக்கு 7 மில்லிநொடி போதும். தொலைவும் கம்பியும் தீர்ந்த பின்னரும் ஏன் மாலை எட்டு மணிக்கு ஆட்டம் தடுமாறுகிறது?

விடையின் பெரும்பகுதியை 2010இல் ஜிம் கெட்டிஸ் தம் வீட்டில் கண்டுபிடித்தார். பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றும்போது மற்ற எல்லாம் நொடிக்கணக்கில் உறைந்தன. நினைவகம் மலிவானதால் மோடம், ரவுட்டர் தயாரிப்பாளர்கள் மிகப் பெரிய காத்திருப்பிடங்களை வைத்துவிட்டனர். ஒரு பொதியும் தொலையக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் இணைப்பு நிரம்பிவிட்டது என்பதை அனுப்பும் கணினி அறிவதே பொதி தொலைவதன் மூலம்தான். தொலையாததால் அது மேலும் மேலும் அனுப்புகிறது, வரிசை நீள்கிறது, விளையாட்டின் சிறு பொதி, சரக்கு லாரிகளுக்குப் பின்னால் நிற்கும் மிதிவண்டியாகிறது. கெட்டிஸ் இதற்கு பஃபர்புளோட் என்று பெயரிட்டார். வேகத்தை மட்டும் அளந்து விற்ற சந்தை, வேகச் சோதனையில் நல்ல எண் காட்டும் பொருட்டுச் சுணக்கத்தைப் பலியிட்டது என்றே இதனை வாசிக்கிறேன். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் முன்வைத்த கோடெல் முறை, வரிசையின் நீளத்தை விடுத்து, பொதி வரிசையில் நின்ற நேரத்தைக் கவனித்து உரிய வேளையில் பொதியைக் கைவிடுகிறது. அதன் வளர்ந்த வடிவம் 2018இல் சோதனைநிலை இணைய ஆவணமாக வெளியானது. பல வீட்டு ரவுட்டர்களில் அது இன்றும் இல்லை, அல்லது இருந்தும் அணைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே இன்று ஒருவர் செய்ய வேண்டிய சோதனை, ஒலிபெருக்கியோடு கட்டடத்தைச் சுற்றியவர் செய்ததுதான். முதலில் தம் சொந்த ரவுட்டருக்குப் பிங் அனுப்ப வேண்டும். அதுவே 5க்கும் 90க்கும் இடையே தாவினால் பழுது வைஃபையில். அடுக்ககங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை எத்தனை வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று பார்த்தாலே புரியும். ஒரு கேபிளைச் செருகி மீண்டும் அளந்தால் உறுதியாகும். அடுத்து நிறுவனத்தின் முதல் முனைக்கு, பிறகு விளையாட்டின் சர்வருக்கு. மூன்றையும் இணைப்பு ஓய்ந்திருக்கும்போது ஒருமுறையும், வீட்டில் யாராவது காணொளி பதிவேற்றும்போது ஒருமுறையும் அளக்க வேண்டும். ஓய்வில் 20, சுமையில் 400 என்றால் அதிக வேகத் திட்டத்துக்கு மாறச் சொல்லும் விற்பனையாளருக்குச் செவிகொடுக்க வேண்டாம். ரவுட்டரில் வரிசை மேலாண்மையை இயக்கி, பதிவேற்ற வேகத்தைச் சற்றே குறைத்து வைத்தால் பெரும்பாலும் தீரும்.

இதில் எதற்கும் வசப்படாத பழுதும் இந்நகரில் உண்டு. இழையின் கடைசிச் சில நூறு மீட்டர் மின்கம்பங்களில் தொங்குகிறது. 2025 ஆகஸ்டில் ராமந்தாபூரில் கிருஷ்ண ஜயந்தி ஊர்வலத் தேர் மின்சாரம் தாக்கி ஐவர் இறந்தனர். அதன்பின் மின்வாரியம் கம்பங்களில் தொங்கிய கேபிள்களைப் பெருமளவில் அறுத்தது. நகரின் பல பகுதிகளில் இணையம் நின்றது. வழக்கு தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. உயிர்போன இடத்தில் பிங் பற்றிப் பேசுவது கூச்சம் தருகிறது. ஆயினும் மிக மலிவாகவும் மிக விரைவாகவும் பரவிய அந்த வேகம் எந்தக் கம்பத்தில், யாருடைய அனுமதியோடு தொங்கியது என்ற கேள்வியும் இவ்வரலாற்றுக்கு உரியதே.

2024 ஆகஸ்டில் டிராய் வெளியிட்ட புதிய சேவைத்தர விதிகளில் ஜிட்டரும் ஓர் அளவாக இடம்பெற்றது. வேகச் சோதனைச் செயலிகளும் இப்போது ஓய்வுநிலைச் சுணக்கத்தையும் சுமைநிலைச் சுணக்கத்தையும் தனித்தனியே காட்டுகின்றன; பெரிய எழுத்தில் இருக்கும் மெகாபிட்டுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், சிறிய எழுத்தில். இங்கு நான் பார்த்த முறையீட்டுச் செயலிகளில் தெரிவுகள் இன்னும் இரண்டுதான்: இணையம் இல்லை, வேகம் குறைவு. சுணக்கத்தால் அவதிப்படுபவர் இரண்டாவதைத்தான் தொட்டாக வேண்டும்.